சட்டம் வர முன்னம் சட்டத்தரணியிடம் என்ன வேலை?

முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செயலாளர் கேட்டிருக்கிறார்: "புதுசாக ஒரு கடற்றொழில் சட்டம் வரப்போகுதாம் என்று கதை அடிபடுகிறது. எம்.பி.யிடம் கேட்டால் பார்ப்போம் என்கிறார். சட்டம் வந்து, ஆளைப் பிடித்த பிறகுதானே சட்டத்தரணி? வர முன்னம் அவரால் என்ன செய்ய ஏலும்? இதெல்லாம் கொழும்புக் கம்பனிகளுக்குத்தானே சரிவரும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கம்பனிகள் இதைச் செய்வது உண்மைதான். வரி சம்பந்தமாகவோ அனுமதிப்பத்திரம் சம்பந்தமாகவோ ஒரு வரைவு அமைச்சுக்குள் எழுதப்படும்போதே அவர்களுடைய சட்டத்தரணி அதை வாசித்திருப்பார். எந்த வரியில் எந்தச் சொல்லை மாற்றவேண்டும் என்று கடிதமும் போயிருக்கும். அதற்குக் காசு வேண்டும்தான். ஆனால் காசைவிட, எந்த நேரத்தில் யாரிடம் போவது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் சனம் வருவது எப்போதும் கடைசியில். சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தினர் தமிழ்ப் பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். சட்டமூலத்தை எதிர்த்து வழக்குப் போடவேண்டும் என்றார்கள். கணக்குப் பார்த்தால், மனுப் போடும் தவணை முடிந்து நான்கு நாள். அவர்கள் சொன்ன நியாயம் முழுக்கச் சரி. அன்றைக்கு நீதிமன்றத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனவே முதலில் நாட்காட்டியைச் சொல்கிறேன். அரசாங்கச் சட்டம் ஒன்று பிறப்பது அமைச்சில். அமைச்சு ஒரு பத்திரம் வைக்கும், அமைச்சரவை சரி என்றால் சட்டவரைஞர் திணைக்களம் எழுதும், அரசியலமைப்போடு முட்டுகிறதா என்று சட்டமா அதிபர் பார்ப்பார், திரும்ப அமைச்சரவைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் வர்த்தமானி. வர்த்தமானியில் வெளிவந்து குறைந்தது ஒரு வாரமாவது கழிந்த பிறகு பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அன்றிலிருந்து 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மனுவின் பிரதி அதே நேரத்தில் சபாநாயகருக்கும் போகவேண்டும். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்லும், அதுவரை சட்டமூலம் அப்படியே நிற்கும். பிறகு இரண்டாம் வாசிப்பு, குழுநிலை (வாசகம் வாசகமாகப் பார்த்துத் திருத்துகிற கட்டம்), மூன்றாம் வாசிப்பு, சபாநாயகரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழுந்தால் அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. இந்தியாவில் சட்டம் வந்த பிறகும் அதைச் செல்லாது என்று அடித்துப் போடலாம். அந்தத் தொலைக்காட்சிகளைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வழி கிடையாது. இங்கே சட்டத்தரணிக்கு "வர முன்னம்" இவ்வளவு வேலை இருப்பதே அதனால்தான்.

இந்த ஓட்டத்தில் உங்களுக்கு மிகவும் மலிவான, பலன் கூடிய இடம் வர்த்தமானிக்கு முந்திய காலம். வரைவு இன்னும் அமைச்சில் இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினால் யாருக்கும் மானம் போகாது. வர்த்தமானியில் வந்த பிறகு அதே சொல்லை மாற்றுவது அரசாங்கத்துக்குத் தோல்வி மாதிரி ஆகிவிடும். அதனால் பிடிவாதம் கூடும்.

அந்தக் கட்டத்தில் சட்டத்தரணி என்ன செய்வார்? உங்கள் குறையைச் சட்ட வாசகமாக மாற்றுவார். நான் பார்த்த மகஜர்களில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் இருக்கும்: "வெளியிடங்களிலிருந்து வருவோருக்கு எமது கடலில் தொழில் செய்ய அனுமதி வழங்கப்படுவதால் எமது வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது, ஆவன செய்யவும்." கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இந்தப் பிரச்சினை எவ்வளவு பழையது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை வாசிக்கிற அதிகாரி என்ன செய்வார்? கோவையில் போடுவார். ஆவன செய்ய அவருக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன வாசகத்தில், 'அனுமதிப்பத்திரம் வழங்குமுன் பணிப்பாளர் நாயகம் பிரதேசத்தின் கடற்றொழிலாளர் சங்கங்களின் கருத்தைப் பெறலாம்' என்று இருப்பது, 'எழுத்தில் பெறுதல் வேண்டும், அதை ஏற்காவிடில் காரணத்தை எழுத்தில் அறிவித்தல் வேண்டும்' என்று மாற்றப்படவேண்டும்." இப்போது அந்த அதிகாரி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாகவேண்டும். ("பெறலாம்" என்பதை நான் உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், உங்கள் வரைவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.) "லாம்" போய் "வேண்டும்" வந்தால், நாளைக்கு உங்கள் சங்கத்தைக் கேட்காமல் கொடுத்த அனுமதிப்பத்திரத்தை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். "லாம்" இருந்தால், "கேட்கலாம் என்றுதானே இருக்கு, கேட்கவில்லை" என்று முடிந்துவிடும்.

சொல் என்றதும் இன்னொன்று. எந்த மொழியில் உள்ள சொல்? சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்படவேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. பிரதிகளுக்குள் முரண் வந்தால் எது மேலோங்கும் என்று ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு வரி இருக்கும். வழமையாக அது சிங்களப் பிரதிதான். ஆகவே தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சிங்களத்தில் "ஹெகிய" என்று இருக்கிறதா "யுதுய" என்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், முன்னது லாம், பின்னது வேண்டும். என் அலுவலகத்தில் முதல் வேலையே மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது. சிங்களச் சட்டமொழி நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவர் உங்கள் சட்டத்தரணியிடம் இருக்கிறாரா என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

பிறகு, எல்லாரும் முன் பக்கங்களைத்தான் வாசிப்பார்கள், தண்டம் எவ்வளவு, மறியல் எத்தனை வருடம் என்று. சட்டத்தரணி கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார். பொருள்கோடல் பிரிவு அங்கேதான் இருக்கும். "கடற்றொழிலாளர்" என்றால் யார்? படகு பதிந்தவர் மட்டுமா? நந்திக்கடலில் படகே இல்லாமல் இறங்கி இறால் பிடிக்கிறவர்கள், வாடியில் கருவாடு காயவிடுகிற பெண்கள் அதற்குள் வருவார்களா? அந்த ஒரு வரியில் அவர்கள் விடுபட்டால், பின்னால் வருகிற நட்டஈடு, காப்புறுதி, சங்க அங்கத்துவம் எல்லாவற்றிலும் விடுபடுவார்கள். அதேபோல "அமைச்சர் ஒழுங்குவிதி மூலம் விதிக்கலாம்" என்று வருகிற இடங்களையெல்லாம் எண்ணவேண்டும். அந்த இடங்களில் உங்கள் தலைவிதி சட்டத்தில் இல்லை, பிறகு எழுதப்போகிற ஒழுங்குவிதியில் இருக்கிறது. முடிந்தால் முக்கியமானதைச் சட்டத்துக்குள்ளேயே இழுத்துப் போடச் சொல்லவேண்டும்.

எங்கள் கடலிலேயே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது. இழுவைமடித் தடை, அதாவது கடலடியை வாரி இழுக்கிற வலைக்கான தடை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரக வளங்கள் சட்டத்தைத் திருத்தி, 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அந்த முறையைக் குற்றமாக்கியது. அது அரசாங்கத்தின் யோசனையாகத் தொடங்கவில்லை. அப்போது யாழ்ப்பாண மாவட்ட எம்.பி.யாக இருந்த சட்டத்தரணி சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தார், பிறகு அரசாங்கம் அதைத் தன்னுடையதாக எடுத்தது, 2017 யூலை 6 ஆம் திகதி நிறைவேறியது. வடக்கு மீனவர்கள் வருடக்கணக்காகத் தெருவில் நின்று சொன்னதை ஒருவர் வாசகமாக எழுதிக் கொடுத்ததால் அது நகர்ந்தது. இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தடை எல்லை தாண்டி வருகிற இந்திய றோலருக்கு மட்டுமானது அல்ல. குருநகரிலும் மன்னார்ப் பக்கத்திலும் இழுவைமடித் தொழில் செய்த எங்கள் ஆட்களுக்கும் அது விழுந்தது. சரியா பிழையா என்பது வேறு கதை. எனக்கு அது சரியான சட்டம். ஆனால் நல்ல சட்டத்தரணி முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டிய கேள்வி இது: நீங்கள் கேட்கிற வாசகத்தால் உங்கள் சங்கத்துக்குள்ளேயே யாருக்கு அடி விழும்? கரைவலைக்காரரும் சின்னப் படகுக்காரரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்னம் அதைப் பேசித் தீருங்கள். இரண்டு தரப்பும் கொழும்பில் போய் ஒன்றுக்கொன்று எதிராகக் கதைத்தால் அமைச்சுக்கு அதைவிட வசதி இல்லை.

சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று வன்னிச் சனத்துக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் எத்தனை வருடம் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தார்கள். 2016 இல் சட்டம் திருத்தப்பட்டுத்தான், ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் இல்லாமல் போயிருக்கிறார் என்று சான்றிதழ் எடுக்க வழி வந்தது. அதே வருடத்து 5 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தில் இரண்டு திகதிகள் இருக்கின்றன: 1983 மே 1, 2009 மே 18. போரால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக, இடையில் அங்கே குடியிருந்தவர் அந்தக் காலத்தைத் தன் பத்து வருடக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அந்தத் திகதிகளை ஒரு வருடம் முன்பின்னாக எழுதியிருந்தால் எத்தனை காணி கைமாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அமைச்சுக் கட்டம் தவறிவிட்டது, வர்த்தமானியும் வந்துவிட்டது. இப்போது உயர் நீதிமன்றம். இங்கே இரண்டு விஷயம். எந்தப் பிரஜையும் மனுப் போடலாம்; அங்கத்தவரில் முக்கால் பங்காவது பிரஜைகளாக உள்ள எந்த அமைப்பும் போடலாம் என்று 121 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே உங்கள் சங்கமோ, பல சங்கங்கள் சேர்ந்த சமாசமோ தன் பெயரிலேயே போகலாம், எம்.பி. தேவையில்லை. மற்றது, நீதிமன்றம் "இது கூடாத சட்டம்" என்று சொல்லாது. அரசியலமைப்போடு முரணா இல்லையா, முரண் என்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதுமா, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும். எப்படித் திருத்தினால் முரண் நீங்கும் என்றும் சொல்லலாம். நடைமுறையில் அரசாங்கங்கள் 150 கையைத் தேடி அலைவதைவிடத் திருத்திக்கொள்வதையே விரும்பும். உங்களுக்கு வேண்டியதும் அந்தத் திருத்தம்தான். சட்டமூலம் உங்களுக்கு நல்லது, வேறு யாரோ அதை எதிர்க்கிறார்கள் என்றால், இடையீட்டு மனுதாரராகப் போய் ஆதரிக்கவும் முடியும். இதை எங்கள் ஆட்கள் பயன்படுத்துவதே இல்லை.

மாகாண சபை விஷயத்தைப் பலர் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாகாண சபை நிரலில், அதாவது மாகாணங்களுக்குக் கொடுத்த அதிகாரங்களின் பட்டியலில், உள்ள விடயம் பற்றிய சட்டமூலமானால், 154எ(3) ஆம் உறுப்புரைப்படி ஒவ்வொரு மாகாண சபையிடமும் கருத்துக் கேட்கவேண்டும், ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு தேவை. 2012 இல் திவிநெகும என்ற வறுமை ஒழிப்புத் திட்டச் சட்டமூலத்தைத் தாமதப்படுத்திய வாதம் இதுதான். அப்போது வடக்கில் தெரிவான சபை இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார், அது சபையின் சம்மதம் ஆகாது என்றது உயர் நீதிமன்றம். ஆனால் கடற்றொழில் அந்த நிரலில் இல்லை. ஆட்புலக் கடலுக்கு (நாட்டின் ஆட்சிக்குள் வரும் கரையோரக் கடலுக்கு) உட்பட்ட மீன்பிடி, மத்தியும் மாகாணமும் இரண்டும் சட்டம் ஆக்கக்கூடிய ஒருங்கியை நிரலில் இருக்கிறது. அதற்குப் பாராளுமன்றம் தனக்குப் பொருத்தமாகத் தெரிகிற அளவுக்குக் கலந்தாலோசித்தால் போதும். எனவே உங்கள் மனுவின் முதல் வாதமாக இதை வைக்கச் சொல்கிற சட்டத்தரணியிடம் திரும்பக் கேளுங்கள். கரையோரக் காணி பற்றி அந்தச் சட்டமூலத்தில் ஏதாவது இருந்தால் மட்டும் கதை வேறு, ஏனென்றால் காணி மாகாண சபை நிரலில் வருகிறது.

அதிலும் ஒரு சங்கடம், கருத்துக் கேட்கத் தெரிவான சபையே இல்லை. 2018 ஒக்டோபரோடு வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் கொடுப்பதற்கான சின்னச் சட்டமூலம். குழுநிலையில், கடைசி நேரத்தில், தேர்தல் முறையையே மாற்றுகிற வாசகங்களை அதற்குள் செருகினார்கள். புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பிறகு பாராளுமன்றத்தில் தோற்றது. புதிய முறையில் தேர்தல் வைக்க முடியவில்லை, பழைய முறை சட்டத்தில் இல்லை. செருகிய வாசகங்கள் வர்த்தமானியில் வந்தவையல்ல, ஆகவே அவற்றை யாரும் முன்கூட்டி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்க முடியாது.

நான் எவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்: நீதிமன்றத்தில் வென்றதோடு வீட்டுக்குப் போகாதீர்கள். இணையவழிப் பாதுகாப்புச் சட்டமூலத்துக்கு எதிராக 2023 ஒக்டோபரில் நாற்பதுக்கு மேல் மனுக்கள் போயின, நிறைய வாசகங்களைத் திருத்தவேண்டும் என்று நீதிமன்றமும் சொன்னது. 2024 சனவரி 24 இல் சட்டம் நிறைவேறியபோது, சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று பெரிய சர்ச்சை. சபாநாயகர் கையெழுத்து வைத்த பிறகு எடுத்த முயற்சி நீதிமன்றத்தில் எடுபடவில்லை. குழுநிலை நடக்கிற அன்று, எந்தத் திருத்தம் வரவேண்டும் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு எம்.பி. எழும்பவேண்டும். அந்தத் தாளை எழுதிக் கொடுப்பது சட்டத்தரணியின் வேலை. யாரிடம் கொடுப்பது என்பதிலும் எங்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு: முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். ஒரே கடல் பிரச்சினைக்கு இரண்டு மாவட்ட எம்.பி.க்களையும் பிடிக்கவேண்டும். கட்சி பார்க்காதீர்கள். துறைசார் மேற்பார்வைக் குழுவில் யார் இருக்கிறார் என்று பாருங்கள், அவர் அம்பாந்தோட்டைக்காரராக இருந்தாலும் சரி. தெற்கிலும் சின்னப் படகுக்காரர் இருக்கிறார்கள், அவர்களுடைய சங்கமும் அதே வாசகத்தைக் கேட்டால் அதன் பலம் வேறு.

எல்லா வர்த்தமானியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2025 மார்ச் 28 இல் வடக்கில் 5,940 ஏக்கர் காணி பற்றி வந்தது சட்டமூலம் அல்ல. ஏற்கெனவே உள்ள காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அறிவித்தல். உரிமை கோர மூன்று மாதம் என்றார்கள். அதற்கு அடிப்படை உரிமை மனுவில் இடைக்காலத் தடை வந்தது, யூன் மாதம். அந்தப் பாதை வேறு, தவணை வேறு. வர்த்தமானி என்று காதில் விழுந்ததும், அது சட்டமூலமா அறிவித்தலா ஒழுங்குவிதியா என்று அன்றைக்கே கேளுங்கள்.

கட்டணத்தைப் பற்றி. அமைச்சுக்கு எழுத்துமூலச் சமர்ப்பிப்புத் தயாரிக்க ஊர்ச் சட்டத்தரணி போதும், சங்கத்தால் தாங்கக்கூடிய செலவுதான். உயர் நீதிமன்றம் கொழும்பில், அங்கே கொழும்புச் சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரும் தேவைப்படும், அதைத் தனிச் சங்கமாகச் செய்யாமல் சமாசமாகச் செய்யுங்கள். பொதுநலனுக்காக இப்படி மனுப் போடுகிற அமைப்புகளும் உண்டு. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழமையாகப் போடும். அவர்களுக்கு உங்கள் கடல் தெரியாது, உங்களுக்கு அவர்களின் நீதிமன்றம் தெரியாது, முன்கூட்டிக் கதைத்தால் இரண்டு பேருக்கும் பிரயோசனம். "அங்கே ஒருவருக்குக் கொஞ்சம் கொடுத்தால் வரி மாறும்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்தவரும் மாட்டுவார். முடிவை உறுதி தருகிற சட்டத்தரணியிடமும் போகவேண்டாம். வாசிப்பேன், எழுதுவேன், தவணை தவறவிடமாட்டேன் என்பதற்கு மேல் எவரும் உறுதி தர முடியாது.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: வரைவு யாரிடமாவது இருந்தால், சிங்களப் பிரதியாக இருந்தாலும், எடுத்து வையுங்கள். இல்லையென்றால் சங்கத் தலைப்புத் தாளில் அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் எழுதிக் கேளுங்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பமும் போடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் வருகிற வர்த்தமானியை இணையத்தில் பார்க்க, சங்கத்துப் பிள்ளை ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். சட்டத்தரணியிடம் வரும்போது சங்கப் பதிவுச் சான்றிதழ், யாப்பு, நிர்வாகக் கூட்டத் தீர்மானத்தின் பிரதி, கடந்த ஐந்து வருடத்தில் அனுமதிப்பத்திரம் சம்பந்தமாகத் திணைக்களத்தோடு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கரைவலைக்காரரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.